வீட்டு வளிபதனியை அறிந்து பேணுவோம்



ஆண்டு விழா மலரிலே மொழி, இலக்கியம், சமயம், பண்பாடு ஆகியன பற்றிய கட்டுரைகள் இடம்பெறுவது வழக்கம். இம்முறை நான் எடுத்துக்கொண்ட பொருள் நம் வீடுகளின் நிலக்கீழ் அறையில் இருக்கின்றது. கோடையில் நம்மைக் குளிர்விக்கும் வளிபதனியே அது. பேச்சு வழக்கில் இதனை 'ஏசி' என்கின்றோம். தமிழ்ப் பாடசாலையில் இதற்கு என்ன இடம் எனச் சிலர் வினவக்கூடும். நாளாந்த வாழ்விற் பயன்படும் அறிவைத் தமிழிற் பேசவும் எழுதவும் இயலாதாயின் மொழி விழாக்காலத்து ஆடையாக மாத்திரமே எஞ்சும். இஃது ஒரு காரணம். மற்றைய காரணம் உயிரோடு தொடர்புடையது.

வெப்பமும் உயிரும்

கனடா குளிர்நாடு என்று எண்ணியே நாம் இங்கு வந்து சேர்ந்தோம். ஆனால் 2021 ஆம் ஆண்டு யூன் மாத இறுதியிலே பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தைக் கடும் வெப்ப அலை தாக்கியது. யூன் 29 ஆம் திகதி லிற்றன் என்னும் சிற்றூரில் 49.6 பாகை செல்சியஸ் பதிவாகியது. அந்த ஒரு வார காலத்தில் வெப்பத்தினால் 619 பேர் இறந்தனர் என அம்மாகாண மரண விசாரணை அலுவலகம் பின்னர் அறிவித்தது. அவர்களிற் பெரும்பாலானோர் வெயிலில் நின்றவர்கள் அல்லர், வீட்டுக்குள் இருந்தவர்கள். மூன்றில் இரண்டு பங்கினர் 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். பாதிக்கு மேற்பட்டோர் தனியே வாழ்ந்தவர்கள்.

முதியோருக்கு வியர்வை குறைவாகச் சுரக்கும். தாக உணர்வும் மந்தமாகும். சிலவகை மருந்துகள் உடலின் நீரை மேலும் குறைக்கும். ஆகவே 'எனக்கு ஒன்றுமில்லை, நான் ஊர் வெயிலைக் கண்டவள்' என்று அம்மம்மா கூறினாலும் அவருடைய உடல் அவ்வாறு கூறுவதில்லை.

இதனை நான் ஏட்டில் மாத்திரம் கற்றவன் அல்லன். ஊரிலே ஆசிரியனாக இருந்த காலத்தில் ஆவியாதலின் மறைவெப்பத்தைக் கரும்பலகையில் எத்தனையோ தடவை விளக்கியிருக்கின்றேன். ஆயினும் இந்நாட்டில் வீடு வாங்கிய பின்னர், வடிகட்டி என்று ஒன்று உள்ளது என்பதையே மூன்றாண்டுகள் அறியாதிருந்தேன். ஒரு யூலை மாதச் சனிக்கிழமை, நான் உங்கள் வகுப்பிலே நின்ற வேளையில், வீட்டின் வளிபதனி குளிர்காற்றைத் தருவதை நிறுத்திவிட்டது. மேல்மாடியில் உறங்கிய என் தாயார் எழ முயன்றபோது மயங்கி வீழ்ந்தார். மருத்துவமனையில் இரண்டு நாட்கள் இருந்து, இறையருளால் நலமாகத் திரும்பினார். மறுநாள் வந்த தொழில்நுட்பர் சூடேற்றியின் பக்கத்திலிருந்து ஒரு சட்டத்தை உருவி எடுத்து என் கையில் தந்தார். அது சாம்பல் நிறக் கம்பளி போல இருந்தது. இயந்திரத்தில் வேறு குறை எதுவும் இல்லை. சில டொலர் விலையுள்ள ஒரு பொருளை மாற்றாமையே அத்தனைக்கும் காரணம். அந்நாளில் நான் கற்றதையே இங்கு பாடமாகத் தருகின்றேன்.

குளிர் எவ்வாறு உண்டாகின்றது?

மாணவர்களே, மண்பானை நீர் ஏன் குளிர்ந்திருக்கின்றது என உங்கள் தாத்தாவிடம் கேட்டிருப்பீர்கள். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகின்றது. ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தை அது பானையிலிருந்தும் உள்ளிருக்கும் நீரிலிருந்தும் பெறுகின்றது. ஆகவே எஞ்சிய நீர் குளிர்கின்றது. வளிபதனியின் அடிப்படையும் இதுவே. ஆனால் அங்கே நீருக்குப் பதிலாக மிகத் தாழ்ந்த வெப்பநிலையிற் கொதிக்கும் குளிரூட்டு பாயம் ஒன்று மூடிய குழாய்களுக்குள் சுற்றி வருகின்றது. முன்னர் பரவலாகப் பயன்பட்ட ஆர்-22 என்னும் பாயம் சாதாரண அமுக்கத்தில் ஏறக்குறைய சைபருக்குக் கீழ் 41 பாகையிலேயே கொதிக்கும்.

இச்சுற்றில் நான்கு உறுப்புகள் உள்ளன. ஒன்று, வீட்டினுள்ளே சூடேற்றியின் மேல் அமைந்த ஆவியாக்கிச் சுருள். இங்கே பாயம் ஆவியாகி வீட்டு வளியின் வெப்பத்தை உறிஞ்சுகின்றது. இரண்டு, வெளியே உள்ள அமுக்கி. இது அந்த ஆவியை அமுக்கி வெப்பநிலையை உயர்த்துகின்றது. மூன்று, வெளிப்பெட்டியின் ஒடுக்கிச் சுருள். இங்கே ஆவி தன் வெப்பத்தை வெளிவளிக்குக் கொடுத்துத் திரவமாகின்றது. நான்கு, விரிவு வால்வு. இதனைத் தாண்டும் திரவத்தின் அமுக்கம் வீழ்ந்து, அது மீண்டும் குளிர்ந்து ஆவியாக்கியை அடைகின்றது. சுருங்கக் கூறின், வளிபதனி குளிரை உற்பத்தி செய்வதில்லை. வீட்டின் வெப்பத்தை வெளியே சுமந்து செல்கின்றது. வெளிப்பெட்டிக்கு மேலே கையை நீட்டினால் சுடுகாற்று வீசுவது இதனாலேயே.

வளிபதனி ஈரத்தையும் நீக்குகின்றது. குளிர்ந்த சுருளிற் பட்ட நீராவி துளிகளாகி வடிகுழாயால் வெளியேறும். உண்மையில் இவ்வியந்திரம் தோன்றியதே ஈரத்தின் பொருட்டுத்தான். 1902 ஆம் ஆண்டு நியூயோர்க்கின் புறூக்ளின் பகுதியிலிருந்த அச்சகமொன்றில், ஈரக்காற்றினால் தாள் விரிந்து வண்ணங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது போயின. அக்குறையைத் தீர்க்கவே வில்லிஸ் காரியர் என்ற 25 வயதுப் பொறியியலாளர் தம் திட்டத்தை வகுத்தார்.

வடிகட்டி அடைபட்டால் நிகழ்வது யாது?

சுருளினூடாகப் போதிய வளி செல்லுமாயின் அதன் வெப்பநிலை சைபருக்கு மேலே நிற்கும். வடிகட்டி தூசியால் அடைபட்டதும் வளியோட்டம் குறையும். உறிஞ்சுவதற்கு வெப்பம் இன்றிச் சுருள் சைபருக்குக் கீழே குளிரும். அதன்மேல் படியும் நீர் பனிக்கட்டியாகும். பனிக்கட்டி வளியை மேலும் தடுக்கும். இறுதியிற் குளிர்காற்று நின்றுவிடும். ஆவியாகாத திரவம் அமுக்கிக்குத் திரும்பினால், இயந்திரத்தின் விலைமிக்க அந்த உறுப்பே பழுதடையும். கடும் வெப்ப நாளிலே, இயந்திரம் ஓய்வின்றி ஓடும் வேளையிலே, இது நேர்வது இயல்பு. நமக்கு அது மிகத் தேவைப்படும் வேளையும் அதுவே.

நாமே செய்யத்தக்க பராமரிப்பு

1. வடிகட்டி: மாதம் ஒருமுறை பார்த்தல் வேண்டும். ஒளிக்கு எதிரே பிடித்தால் ஒளி ஊடுருவாதாயின் மாற்றுதல் வேண்டும். மெல்லிய வடிகட்டியை ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மாற்றுவது பொருந்தும். பொரியல், தாளிதம், சாம்பிராணிப் புகை ஆகியன நம் வீடுகளில் மிகுதி. ஆகவே வடிகட்டியும் விரைவில் அடைபடும். சமைக்கும்போது புகைபோக்கி விசிறியை இயக்குவது நன்று. வடிகட்டியின் அளவு அதன் சட்டத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். அதிலுள்ள அம்புக்குறி சூடேற்றியை நோக்கி இருத்தல் வேண்டும். மாற்றும்போது இயந்திரத்தை நிறுத்துங்கள். வடிகட்டி இல்லாமல் ஒருபோதும் இயக்காதீர்கள். மாரியிற் சூட்டுக்கும் இதே வடிகட்டியே பயன்படுவதால் இப்பணி ஆண்டு முழுவதற்கும் உரியது. மிக நுண்ணிய வடிகட்டியே சிறந்தது என எண்ணுதல் தவறு. அது வளியைத் தடுத்து அதே தீங்கை விளைவிக்கலாம். இயந்திரக் கைந்நூல் கூறும் வகையையே வாங்குங்கள்.

2. வெளிப்பெட்டி: மே மாதத்தில் மாரிக்கால உறையை அகற்றி, உதிர்ந்த இலைகளை நீக்குங்கள். பெட்டியைச் சுற்றி இரண்டு அடி இடைவெளியேனும் வேண்டும். யூன் மாதத்திற் பறக்கும் பொப்லர் மரத்துப் பஞ்சு சுருளிற் போர்வை போல ஒட்டிக்கொள்ளும். சுவரிலுள்ள மின்துண்டிப்பானால் மின்சாரத்தை நிறுத்திய பின்னர், தோட்டக் குழாயினால் மென்மையாக நீர் பாய்ச்சிக் கழுவலாம். அழுத்த நீர் பாய்ச்சும் கருவியைப் பயன்படுத்தினால் மெல்லிய அலுமினியத் தகடுகள் வளைந்துவிடும்.

3. வடிகுழாய்: குழாயினுள் பாசி படர்ந்தால் நீர் தேங்கி நிலத்தில் வழியும். கோடை தொடங்குமுன் ஒரு கோப்பை வெள்ளை வினாகிரியை ஊற்றி, அரைமணி நேரத்தின் பின் நீர் விடலாம். வினாகிரியையும் வெளிற்றும் திரவத்தையும் ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிப்படும்.

4. காற்று வழிகள்: குளிர்காற்று வரும் துளைகளையும், வளி திரும்பிச் செல்லும் பெரிய சல்லடைகளையும் சோபாவினாலோ கம்பளத்தினாலோ மூடாதீர்கள்.

5. வெப்பநிலை சீராக்கி: விரைவிற் குளிரட்டும் என்று 18 பாகைக்குத் திருப்புவோர் உளர். பெரும்பாலான வீட்டு இயந்திரங்கள் ஓடும் அல்லது நிற்கும். எண்ணைக் குறைப்பதால் வேகமாகக் குளிர்விப்பதில்லை, நெடுநேரம் ஓடி மின்கட்டணத்தை உயர்த்தும். நிறுத்திய உடனே மீண்டும் இயக்காது ஐந்து நிமிடமேனும் பொறுத்திருங்கள்.

தொழில்நுட்பருக்கு உரியவை

கோடைக்கு முன்னர் ஆண்டுக்கு ஒருமுறை தகுதிச் சான்றிதழ் பெற்ற தொழில்நுட்பரைக் கொண்டு பரிசோதிப்பது நன்று. வெளிப்பெட்டியின் மூடியை நாம் திறத்தலாகாது. உள்ளே மின்கொள்ளளவி என்னும் உறுப்பு, மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் ஏற்றத்தைத் தேக்கி வைத்திருக்கும்.

குளிரூட்டு பாயம் எரிபொருளைப் போலத் தீர்ந்துபோவதில்லை. அது குறைந்திருப்பின் எங்கோ கசிவு உண்டு என்பதே பொருள். ஒவ்வோர் ஆண்டும் 'வாயு நிரப்ப வேண்டும்' என்று எவரேனும் கூறினால், 'கசிவு எங்கே?' என்று வினவுங்கள். அப்பாயத்தை வளியிற் திறந்துவிடுதல் சட்டப்படி குற்றமாகும். குளிர்சாதனங்களிற் பயன்பட்ட குளோரோபுளோரோகாபன்கள் ஓசோன் படையை அழிக்கக்கூடும் என 1974 இல் மொலினா, றோலண்ட் ஆகிய விஞ்ஞானிகள் எடுத்துக்காட்டினர். 1987 இல் நமது நாட்டின் மொன்றியல் நகரிலேயே அதனைத் தடுக்கும் உடன்படிக்கை கைச்சாத்தானது. அதன் வழியே ஆர்-22 பாயமும் படிப்படியாகக் கைவிடப்பட்டது. பிற்காலப் பாயங்கள் பல ஓசோனுக்குத் தீங்கற்றவையாயினும் புவியை வெப்பமாக்கும் வல்லமை உடையவை. ஆகவே கசிவைத் தடுப்பது அயலாருக்கும் செய்யும் உதவியாகும்.

இயந்திரம் நின்றுவிட்டால்

சுருளிற் பனிக்கட்டி தெரிந்தால் குளிரூட்டலை நிறுத்தி, விசிறியை மாத்திரம் இயக்கி உருகவிடுங்கள், வடிகட்டியை மாற்றுங்கள். பனியைக் கத்தியாற் சுரண்டாதீர்கள். தொழில்நுட்பர் வரும்வரை முதியோரையும் குழந்தைகளையும் வீட்டின் கீழ்த்தளத்துக்கு அழைத்து வாருங்கள். அல்லது நூலகம் போன்ற குளிர்ந்த பொது இடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அறை வெப்பநிலை 26 பாகைக்கு மேற்படாதிருத்தல் நன்று. 31 பாகைக்கு மேற்பட்டால் முதியோருக்கும் நோயாளருக்கும் ஆபத்தாகும். ஈரத்துணியால் உடலைத் துடையுங்கள். அடிக்கடி நீர் கொடுங்கள். ஒருவர் தடுமாறிப் பேசினாலோ மயங்கினாலோ 911 இலக்கத்தை உடனே அழையுங்கள். அயலிலே தனித்து வாழும் முதியவர் இருப்பின் அவரையும் நாளுக்கு இருமுறை சென்று பாருங்கள்.

பெற்றோர்களே, வடிகட்டியைப் பார்க்கும் பொறுப்பைப் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடம், உங்கள் மேற்பார்வையில், ஒப்படையுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு என நாட்காட்டியிற் குறித்து வைத்தால் மறவாது. வருமுன் காப்பது அறிவுடைமை என்பது நம் முன்னோர் வழக்கு. என் தாயார் இப்பொழுதும் மேல்மாடியிலேயே உறங்குகின்றார். மாதம் பிறந்ததும் 'வடிகட்டி பார்த்தாயா, தம்பி?' என்று அவரே கேட்கின்றார்.

அருஞ்சொற்கள்

வளிபதனி – ஏசி
பாயம் – ஓடும் இயல்புடைய திரவம் அல்லது வாயு
அமுக்கி – கொம்பிறசர்
ஒடுக்கி – ஆவியைத் திரவமாக்கும் உறுப்பு
வடிகட்டி – பில்ரர்
சூடேற்றி – பேர்னஸ்
மறைவெப்பம் – நிலைமாற்றத்தின்போது வெப்பநிலை மாறாது உறிஞ்சப்படும் அல்லது வெளிவிடப்படும் வெப்பம்

பயிற்சி

1. வளிபதனி 'குளிரை உற்பத்தி செய்வதில்லை' என்பதை மண்பானை உதாரணத்துடன் விளக்குக.
2. வடிகட்டி அடைபட்டதும் சுருளிற் பனிக்கட்டி உருவாவது ஏன்? ஐந்து வாக்கியங்களில் எழுதுக.
3. செய்முறை: வளிபதனி 15 நிமிடம் ஓடிய பின், வளி திரும்பும் சல்லடையருகிலும் குளிர்காற்று வரும் துளையருகிலும் வெப்பமானியால் அளந்து வேறுபாட்டைக் காண்க. அது ஏறக்குறைய 8 முதல் 11 பாகை வரை இருத்தல் வேண்டும். குறைவாயின் முதலில் எதனைப் பார்ப்பீர்கள்?
4. உங்கள் வீட்டு வடிகட்டியின் அளவையும் கடைசியாக மாற்றிய திகதியையும் பெற்றோரிடம் கேட்டு எழுதி, அடுத்த சனிக்கிழமை வகுப்புக்குக் கொண்டுவருக.