குக்கர் விசில் போனுக்குக் கேட்குமா?

புதுச்சேரி சாரம் பகுதியில் காமராஜர் சாலையை ஒட்டிய வீடுகளில் ஜன்னலைத் திறந்தால் பஸ் ஹாரன் அடுப்படி வரை வரும். அந்த இரைச்சலுக்கு நடுவே கதவு தட்டுவதையும் குழந்தை அழுவதையும் கண்டுபிடித்து, காது கேளாதவருக்கு அதிர்வாகச் சொல்லும் வசதி 2020 முதல் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் இருக்கிறது. அருமையான வசதி. ஆனால் அதைப் பற்றித் தவறான எண்ணங்கள் நிறைய.

நம்பிக்கை: சத்தம் கூடினால் போனுக்கு எதுவும் பிடிபடாது.

உண்மை: சத்தத்தின் அளவு மட்டுமல்ல, அது எந்தச் சுருதியில் இருக்கிறது என்பதும் முக்கியம். மென்பொருள் ஒலியை ஒரு படமாக மாற்றி, தான் பழகிய வடிவத்தை அதில் தேடுகிறது. எஞ்சின் உறுமல் தாழ்ந்த சுருதி என்பதால் பெரும்பாலும் படத்தின் அடியில் தங்கும். ஹாரன் மேலே, 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பகுதியில், தனிக் கோடுகளாகத் தெரியும். பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2008-இலேயே செல்போன் மைக்கைக் கொண்டு ஹாரனைப் பிரித்தறிந்தார்கள். 2010-இல் மும்பை ஐஐடி இன்னும் முன்னே போனது. சாலையோரம் இடைவெளி விட்டு இரண்டு ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்தார்கள். ஓடும் வண்டியின் ஒரே ஹாரன் இரண்டிலும் சற்றே வேறு சுருதியில் பதிவாகும். அந்த வித்தியாசத்திலிருந்து வண்டியின் வேகத்தையும், சாலையில் நெரிசலா இல்லையா என்பதையும் கணித்தார்கள். ஆய்வுக்கு அவர்கள் வைத்த பெயரே 'ஹார்ன் ஓகே ப்ளீஸ்'!

உண்மையில் சிக்கல் மிக்ஸி ஓடும்போதுதான். அதன் இரைச்சல் படம் முழுக்கப் படர்ந்து, கதவு தட்டும் ஒலியை மூடிவிடும். விலை கூடிய மைக் வாங்கினாலும் அது இரண்டையும் சேர்த்துத்தான் வாங்கும்.

நம்பிக்கை: எல்லா ஒலியும் அதற்குத் தெரியும்.

உண்மை: பழக்கியது மட்டுமே தெரியும். ஆய்வாளர்கள் பெரிதும் பயன்படுத்தும் 'ஈஎஸ்சி-50' என்ற தொகுப்பு 2015-இல் வந்தது. 50 வகையில் 2,000 ஒலித்துண்டுகள். தேவாலய மணி இருக்கிறது, மரமறுக்கும் இயந்திரம் இருக்கிறது. குக்கர் விசில் இல்லை. நம் வீட்டு ஒலிகளைப் பதிவு செய்து தொகுக்கும் வேலையை இங்குள்ள கல்லூரிகள் எடுத்துச் செய்யலாம், செய்யவேண்டும். மனிதக் காதும் பிழையற்றதல்ல: ஈஎஸ்சி-50 துண்டுகளைக் கேட்டவர்கள் சுமார் 81 சதவீதம்தான் சரியாகச் சொன்னார்கள்.

நம்பிக்கை: வீட்டுப் பேச்சு முழுவதும் நிறுவனத்துக்குப் போய்விடும்.

உண்மை: ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஒலியை அடையாளம் காணும் வேலை போனுக்குள்ளேயே நடக்கிறது.

நம்பிக்கை: இது இருந்தால் வேறு பாதுகாப்பு வேண்டாம்.

உண்மை: ஆபத்தான நேரங்களில் இதை நம்பியிருக்க வேண்டாம் என்று ஆப்பிளே எச்சரிக்கிறது. வீட்டில் காது கேளாத பெரியவர் இருந்தால் போன் வசதியை இயக்கிக் கொடுங்கள். கூடவே, அழுத்தினால் விளக்கு மின்னும் காலிங் பெல் ஒன்றையும் மாட்டிவிடுங்கள்.