குதிரைக்காகப் பேசு: இளம் பயிற்சியாளருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

குதிரையேற்றப் பள்ளியில் உதவிப் பயிற்சியாளனாகச் சேர்ந்திருக்கிறாய் என்ற செய்தி அவலூர்பேட்டையிலிருந்து எனக்கும் வந்து சேர்ந்தது. ரொம்பச் சந்தோஷம். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் விடுமுறை முகாம் தொடங்கிவிடும். பிள்ளைகள் கூட்டமாக வந்து இறங்குவார்கள். உனக்கு அது முதல் முகாம். அதற்கு முன் இந்தக் கடிதம் உன் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று எழுதுகிறேன். இதே தொழிலுக்கு வரும் மற்றப் பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்றுதான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு விடுமுறை விடும் அந்த நாட்களில்தான் குதிரைக்கு வேலை கூடுகிறது. பெற்றோர் தங்கள் பிள்ளைக்காகப் பேசுவார்கள். நிர்வாகம் கணக்குக்காகப் பேசும். குதிரைக்காகப் பேச மைதானத்தில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நீயாக இரு.

செஞ்சிச் சீமையில் பிறந்தவன் குதிரையேறப் போகிறான் என்றால் ஊரார் வாயில் முதலில் வரும் பெயர் தேசிங்கு ராஜா. டில்லியில் யாருக்கும் அடங்காத குதிரையைச் சிறுவயதிலேயே அடக்கியவன் என்ற கதைப்பாடலைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வரலாற்றில் அவர் தேஜ் சிங். 1714 அக்டோபரில் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி, இளம் வயதிலேயே களத்தில் விழுந்தவர். அந்த வீரத்தின்மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் அடக்கிக் காட்டும் எண்ணத்தோடு நீ லாயத்துக்குள் போகாதே. அடுத்த முறை செஞ்சிக் கோட்டைக்குப் போகும்போது, ராஜகிரி அடிவாரத்தில் வளைவு வளைவாக நிற்கும் குதிரை லாயத்தின் முன் கொஞ்ச நேரம் நின்று பார். 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இடம்பெற்ற ஒரே கோட்டை நம் செஞ்சி. அந்த லாயத்தில் விடிகாலையில் லத்தி அள்ளி, தண்ணீர் காட்டி, குளம்பு பார்த்தவர்கள் இல்லாமல் எந்த ராஜாவும் போருக்குக் கிளம்பியிருக்க முடியாது. நீ கற்க வேண்டிய தொழில் அவர்களுடையது.

அந்தத் தொழில் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதை 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்து இறங்கின. பாண்டிய அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள். ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துப்போயின. குதிரையைப் பார்த்துக்கொள்ளவும் லாடம் கட்டவும் தெரிந்தவர்கள் இங்கே இல்லை என்பது அவர் சொல்லும் காரணம். அப்படிப்பட்டவர்கள் இங்கே வந்துவிடாதபடி வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்கள் என்றும் எழுதுகிறார். குதிரை செத்தால்தானே அடுத்த குதிரை விற்கும். அவர் தரும் எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆனால் பணம் கொடுத்து வாங்கத் தெரிந்து, பேணத் தெரியாமல் போனால் குதிரை தங்காது என்பது இன்றைக்கும் நிஜம். மெரினாவில் மணலில் நடக்கும் மட்டக்குதிரைக்கும் கல்யாண ஊர்வலத்தில் நிற்கும் வெள்ளைக் குதிரைக்கும் அதுவே பொருந்தும்.

இனி உன் முகாமுக்கு வருகிறேன். ஐரோப்பாவில் குளிர்காலம் என்றால் பனியும் சேறும்; அங்கே சவாரி குறையும். நம் ஊரில் நேர்மாறு. வளர்ந்த குதிரைக்குச் சுமார் 5 முதல் 25 டிகிரி வரையான வெப்பநிலைதான் உடம்புக்குச் சிரமமில்லாத அளவு. நம் மார்கழி விடியற்காலை அந்த அளவுக்குள் வருகிறது. சித்திரை வெயில் அதற்குள் அடங்காது. ஆகவே குதிரை உற்சாகமாக நடக்கும் காலமும் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லாத காலமும் இங்கே ஒன்றாக வருகின்றன. ஆரோவில்லின் ரெட் எர்த் பள்ளியானாலும் சென்னையின் பள்ளிகளானாலும் நம் பக்கத்துக் குதிரையேற்றத்துக்கு இதுதான் நல்ல பருவம். குதிரை நன்றாக நடக்கிறது என்பதற்காகவே அதிகம் நடக்க வைத்துவிடும் ஆபத்தும் இந்தப் பருவத்தில்தான் இருக்கிறது.

காலை வேலையிலிருந்து தொடங்கு. பிள்ளைகள் ஏழு மணிக்கு வருவார்கள் என்றால் நீ ஐந்து மணிக்கு லாயத்தில் இரு. விளக்கைப் போட்டதும் முதலில் லத்தியைப் பார். இரவில் எவ்வளவு போட்டிருக்கிறது, உருண்டையாக ஈரத்தோடு இருக்கிறதா, காய்ந்து சிறுத்திருக்கிறதா என்று பார். அடுத்து தண்ணீர்த் தொட்டி. ஒரு குதிரை நாளைக்கு 25 முதல் 45 லிட்டர் வரை குடிக்க வேண்டும். குளிர் நாட்களில் தண்ணீர் சில்லென்று இருந்தால் குறைத்துக் குடிக்கும். குடல் காய்ந்து அடைத்துக்கொள்ளும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் அதற்கு வயிற்றுவலி வந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். தீவனம் எடுக்காமல் நிற்பது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, முன்காலால் தரையைச் சுரண்டுவது, படுத்துப் புரள்வது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்று அதற்குச் சேணம் கிடையாது. கால்நடை மருத்துவரைக் கூப்பிடு. ஓய்வாக நிற்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 28 முதல் 44 முறை துடிக்கும். உன் லாயத்தின் ஒவ்வொரு குதிரைக்கும் இயல்பான துடிப்பு எத்தனை என்று முகாமுக்கு முன்பே எண்ணி எழுதிவை. வலி வந்த நாளில் ஒப்பிட அது வேண்டும்.

தீவனத்தில் அவசரம் கூடாது. குதிரையின் இரைப்பை உடம்பின் பருமனுக்கு மிகச் சிறியது. நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் மேய்வதற்கென்று அமைந்தது. கூட்டம் வருகிறதே என்று ஊறவைத்த கொள்ளையும் தவிட்டையும் ஒரே வேளையில் கொட்டிவிடாதே. புல் எப்போதும் முன்னால் இருக்கட்டும். அடர்தீவனத்தைச் சிறு பங்குகளாகப் பிரித்துக் கொடு. அது தின்றவுடன் ஏறவும் விடாதே.

பிறகு குளம்பு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தும் ஓயாமலும் இருக்கும் நாட்கள் இவை. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல் நம் விழுப்புரம் மாவட்டத்தை எப்படி மூழ்கடித்தது என்று உனக்கே தெரியும். ஈரத்தரையில் நிற்கும் குதிரைக்குக் குளம்பின் அடியில் அழுகல் பிடிக்கும். ஒவ்வொரு காலையும் தூக்கி, கொக்கியால் குதிகாலிலிருந்து முன்னோக்கிச் சேற்றையும் கல்லையும் எடு. நடுவில் முக்கோணமாக இருக்கும் மெத்தென்ற பகுதியின் இரு பக்கப் பள்ளங்களையும் மெதுவாகச் சுத்தம் செய். கறுப்பாகக் கசிந்து நாற்றம் அடித்தால் அழுகல் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். இன்று கெடுத்ததைச் சரிசெய்யப் பல மாதம் பிடிக்கும். லாடம் கட்டுபவரை முகாமுக்கு முந்தைய வாரமே வரவழைத்துவிடு.

பிள்ளைகள் வந்ததும் நேராகக் குதிரைமேல் ஏற்றாதே. முதல் நாள் முழுவதும் தரையிலேயே கழியட்டும். பெற்றோர் சிலர் முகம் சுளிப்பார்கள், பொறுமையாகச் சொல். குதிரைக்குக் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. ஆகவே தோள் பக்கமாக, பேசிக்கொண்டே நெருங்க வேண்டும் என்று கற்றுக்கொடு. காதைப் படிக்கச் சொல்லிக்கொடு. உன் பக்கம் திரும்பிய காது கவனிக்கிறது. பின்னால் ஒட்டிக்கொண்ட காது எச்சரிக்கிறது. கேரட்டை விரல் நுனியில் பிடித்து நீட்டாமல் உள்ளங்கையை விரித்து வைத்துக் கொடுக்கச் சொல். பயந்து ஒதுங்கி நிற்கும் பிள்ளை ஒன்று கட்டாயம் இருக்கும். அதன் கையில் தூரிகையைக் கொடுத்து, உனக்கு நன்றாகத் தெரிந்த சாதுவான குதிரையின் கழுத்தைத் தேய்க்கச் சொல். நீ பக்கத்திலேயே நில். ஒன்றும் பேச வேண்டாம். குதிரை சுகமாகத் தலையைத் தாழ்த்தும்போது அந்தப் பிள்ளையின் தோளும் தளர்வதை நீயே பார்ப்பாய். அதன்பிறகு சவாரியைக் கற்றுக்கொடுப்பது எளிது.

ஏறும் நேரத்தில் வயிற்றுப் பட்டையை நீயே சரிபார். சேணம் வைத்தவுடன் ஒரே இழுப்பில் இறுக்காதே. முதலில் தளர்வாக மாட்டி, பத்தடி நடத்திவிட்டு, ஒவ்வொரு துளையாக ஏற்று. பட்டையைத் தொட்டதும் காதை மடக்கித் திரும்பிக் கடிக்க வரும் குதிரையைத் திமிர் பிடித்தது என்று அடிப்பவர்கள் உண்டு. அதற்கு அந்த இடத்தில் வலிக்கிறது அல்லது முன்பு வலித்திருக்கிறது. பட்டைக்கு அடியில் கையைவிட்டுப் பார். புண்ணோ வீக்கமோ முடிச்சோ அகப்படலாம். சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கத்தில் குதிரையேற்றத்தைப் பற்றி நூல் எழுதிய செனபோன், கோபத்தோடு குதிரையிடம் போகக்கூடாது என்பதைத்தான் முதன்மையான பாடமாக வைத்தார். உனக்கும் அதுவே முதல் விதியாக இருக்கட்டும். கோபம் வந்தால் கடிவாளத்தைக் குதிரையைப் பராமரிக்கும் சைஸ் கையில் கொடுத்துவிட்டு மைதானத்தைவிட்டு வெளியே போய் நின்றுவிட்டு வா.

எடையில் விட்டுக்கொடுக்காதே. சேணத்தோடு சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் ஏற்றக்கூடாது என்பது உலகெங்கும் குதிரைக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. 400 கிலோ குதிரை என்றால் 80 கிலோ. 250 கிலோ மட்டக்குதிரை என்றால் 50 கிலோதான். பிள்ளையோடு தகப்பனாரும் ஒரு போட்டோவுக்கு ஏறிக்கொள்ளட்டும் என்பார்கள். மரியாதையாக, சிரித்த முகத்தோடு, முடியாது என்று சொல். ஹெல்மெட் இல்லாமல் ஒரு நிமிடம் மட்டும் என்பார்கள். அதற்கும் அதே பதில்.

முடியாது என்று சொல்வதுதான் உன் தொழிலில் கடினமான பாடம். சேர்ந்து சில வாரமே ஆன பையன் நிர்வாகத்திடம் எப்படிச் சொல்வது என்று நீ தயங்குவாய். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள். எந்தக் குதிரை எத்தனை மணிக்கு வெளியே போனது, யாரை ஏற்றியது, எப்போது தண்ணீர் குடித்தது, எந்தக் காலை நொண்டியது என்று அன்றன்றைக்கே எழுது. “சார், இது பாவம்” என்றால் காதில் ஏறாது. “சார், இது காலையிலிருந்து மூன்று வகுப்பு போயிருக்கிறது, இடது முன்கால் சூடாக இருக்கிறது” என்றால் யாரும் நின்று கேட்பார்கள். வேலைக்குத் தகுதியில்லாத நிலையில் உள்ள விலங்கை வேலை வாங்குவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள். நல்ல நிர்வாகத்திடம் சட்டத்தைக் காட்ட வேண்டி வராது. அவர்களுக்கும் ஆரோக்கியமான குதிரைதான் முதலீடு. வாரத்தில் ஒரு நாள் ஒவ்வொரு குதிரைக்கும் முறைவைத்து ஓய்வு கொடுக்கும் அட்டவணையை முகாம் தொடங்குமுன்பே போட்டு ஒப்புதல் வாங்கிவிடு. கூட்டம் வந்தபிறகு பேசினால் நடக்காது.

டிசம்பர் 31 இரவு உனக்கு வீட்டுக்குப் போகத் தோன்றும். போகாதே. புத்தாண்டு வெடிச்சத்தத்தில் குதிரை மிரண்டு கதவை உதைத்துக் காலை உடைத்துக்கொள்ளலாம். அன்று இரவு புல் நிறையப் போட்டு, விளக்கை அணைக்காமல், அவற்றுக்குப் பழகிய குரலோடு லாயத்தில் இரு. பின்னால் போகி வருகிறது. பழைய டயரை எரிக்கும் புகை லாயத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்.

சைஸ்களிடம் பணிவாக இரு. சான்றிதழ் உன்னிடம் இருக்கலாம். ஒரு குதிரையின் மூச்சை வைத்தே அதன் உடம்பைச் சொல்லும் அறிவு அவர்களிடம் இருக்கிறது. அவர்களை “அண்ணே” என்று கூப்பிடு, பிள்ளைகளையும் அப்படியே கூப்பிடச் சொல். வகுப்பு முடிந்து பிள்ளைகள் கிளம்பும்போது குதிரைக்கு மட்டும் நன்றி சொல்லிவிட்டுப் போகாமல், அதைக் கழுவித் துடைக்கும் அண்ணனுக்கும் சொல்லிவிட்டுப் போகப் பழக்கு. இந்தத் தொழிலில் அவர்களுக்குக் கிடைக்காத மரியாதையை உன் தலைமுறையாவது கொடுக்கட்டும்.

முகாமின் கடைசி நாளன்று பிள்ளைகள் சின்னதாக ஓட்டிக்காட்டுவார்கள், பெற்றோர் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டலை வைத்து உன்னை நீயே மதிப்பிட்டுக்கொள்ளாதே. மறுநாள் காலை சேணத்தை எடுத்துக்கொண்டு போகும்போது குதிரை உன்னிடம் தானாக வருகிறதா, மூலையில் போய் முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா என்று பார். தானாக வந்தால் முகாம் நன்றாக நடந்திருக்கிறது. திருப்பிக்கொண்டால் நோட்டுப் புத்தகத்தை எடுத்து எந்த நாளில் அதற்கு அதிகமானது என்று தேடி, அடுத்த விடுமுறையில் அதைத் திருத்து. பிள்ளைகளுக்குப் பேச வாய் இருக்கிறது, தம்பி. குதிரைக்காக நீ பேசு.

அன்புடன்,
உன் தொழிலில் உனக்கு மூத்தவன்