கோடுகள் காட்டும் இயக்கம்

நம் சங்கத்தில் முதலாண்டு பௌதிகம் பயிலும் நண்பர்கள் சிலருடன் மாலை வேளைகளில் நான் கணக்குகள் போட்டுப் பார்ப்பதுண்டு. இயக்கச் சமன்பாடுகள் மூன்றையும் தடையின்றி ஒப்புவிக்காதவர் அவர்களில் ஒருவரும் இலர். ஆயினும், 'இந்தக் கணக்கிற்கு எந்தச் சமன்பாடு?' என்று கேட்டால் பலர் தயங்குகின்றனர். காரணம், சமன்பாடு பிறந்த இடத்தை அவர்கள் காணாததேயாகும். அது பிறந்த இடம் ஒரு சிறு வரைபடம். தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு நீங்களும் உடன் வரைந்து வாருங்கள்.

தூர - கால வரைபடம்

கிடைக்கோட்டில் காலத்தையும் செங்குத்துக் கோட்டில் தூரத்தையும் குறிப்போம். நிற்கும் வண்டிக்குக் கோடு கிடையாகவே செல்லும். காலம் போகிறது, தூரம் மாறவில்லை. சீராக ஓடும் வண்டிக்குச் சாய்ந்த நேர்கோடு கிடைக்கும். சாய்வு மிகுந்தால் வேகம் மிகுதி. புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வரும் வண்டியின் கோடு கீழ்நோக்கி இறங்கும். ஆகவே இங்குச் சாய்வே திசைவேகம். கோடு மேலேறுவதைக் கண்டு வண்டி மேட்டில் ஏறுவதாக எண்ணிவிடக்கூடாது. இது பாதையின் படமன்று, பயணத்தின் கணக்கு.

சென்னையிலிருந்து புது தில்லி ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் அதனை ஏறத்தாழ 33 மணி நேரத்தில் கடக்கிறது. தொடக்கப் புள்ளியையும் இறுதிப் புள்ளியையும் நேர்கோட்டால் இணைத்தால் அதன் சாய்வு மணிக்கு 66 கிலோமீட்டர். இது சராசரி. உண்மையான கோடு நிலையங்களில் படுத்தும், இடையிடையே நிமிர்ந்தும் செல்லும்.

ரயில்வே கட்டுப்பாட்டு அறைகளில் வண்டிகளின் போக்கை இத்தகைய வரைபடத்திலேயே குறிக்கிறார்கள். ஒற்றைத் தண்டவாளப் பகுதியில் எதிரெதிராக வரும் இரு வண்டிகளின் கோடுகள் ஒன்றையொன்று வெட்டியே தீரும். அந்த வெட்டுப்புள்ளி ஒரு நிலையத்தின் கோட்டின்மீது விழவேண்டும். அங்கே ஒரு வண்டி லூப் லைனில் ஒதுங்கி நிற்க, மற்றது கடந்து போகும். இரு நிலையங்களுக்கு நடுவே வெட்டினால் விளைவு என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

திசைவேக - கால வரைபடம்

இப்பொழுது செங்குத்துக் கோட்டில் திசைவேகத்தைக் குறிப்போம். 2002-ஆம் ஆண்டு முதல் ஓடிவரும் தில்லி மெட்ரோவை எடுத்துக்கொள்வோம். எண்கள் மட்டும் கணக்கின் எளிமைக்காக நான் அமைத்தவை. வண்டி நிலையத்தில் புறப்பட்டு 25 வினாடியில் வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தை எட்டுகிறது. அவ்வேகத்தில் 30 வினாடி ஓடுகிறது. பிறகு 20 வினாடியில் அடுத்த நிலையத்தில் நிற்கிறது.

வரைந்து பாருங்கள். ஏறும் கோடு, கிடைக்கோடு, இறங்கும் கோடு என மூன்று பகுதிகள். இங்குச் சாய்வு என்பது முடுக்கம். முதற்பகுதியில் அது 20-ஐ 25-ஆல் வகுக்க, வினாடிக்கு வினாடி 0.8 மீட்டர். நடுவில் சுழி. இறுதியில் வினாடிக்கு வினாடி 1 மீட்டர், இறங்குவதால் எதிர்க்குறி.

தூரம் எங்கே? கோட்டின் கீழுள்ள பரப்பிலே! முதல் முக்கோணம் 250, செவ்வகம் 600, கடை முக்கோணம் 200. ஆக 1,050 மீட்டர். மொத்தக் காலம் 75 வினாடி. எனவே சராசரி வேகம் வினாடிக்கு 14 மீட்டர். சமன்பாடு ஒன்றும் இன்றியே கணக்கு முடிந்துவிட்டது அன்றோ?

சமன்பாடுகள் பிறக்கும் விதம்

தொடக்கத் திசைவேகம் 'தொ', இறுதித் திசைவேகம் 'இ', முடுக்கம் 'மு', காலம் 'கா', தூரம் 'தூ' என்க. முடுக்கம் மாறாதிருந்தால் திசைவேகக் கோடு நேர்கோடு. அதன் சாய்விலிருந்து கிடைப்பது முதற் சமன்பாடு:

இ = தொ + மு × கா

கோட்டின் கீழுள்ள பரப்பை ஒரு செவ்வகமாகவும் அதன்மேல் ஒரு முக்கோணமாகவும் பிரித்தால் இரண்டாவது:

தூ = தொ × கா + ½ × மு × கா²

அதே பரப்பைச் சரிவகமாகக் கொண்டு, சராசரித் திசைவேகத்தைக் காலத்தால் பெருக்கி, காலத்திற்குப் பதிலாக (இ − தொ) ÷ மு என்று இட்டால் மூன்றாவது:

இ² = தொ² + 2 × மு × தூ

முதலாவதில் தூரம் இல்லை. இரண்டாவதில் இறுதித் திசைவேகம் இல்லை. மூன்றாவதில் காலம் இல்லை. கணக்கில் எது கொடுக்கப்படவும் இல்லை, கேட்கப்படவும் இல்லை என்று பார்த்தால் உரிய சமன்பாடு தானே முன்வரும். முடுக்கம் மாறினால் மூன்றும் பயன்படா. பரப்பு மட்டும் அப்போதும் பொய்க்காது. இப்பரப்புக் கருத்து 14-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் நிக்கோல் ஒரேம் வரைந்த படங்களிலேயே உண்டு. 1638-இல் வெளிவந்த நூலில் கலிலியோ அதனை விழும் பொருள்களுக்குப் பொருத்திக் காட்டினார்.

உயிர் காக்கும் கணக்கு

மோட்டார் சைக்கிளில் செல்லும் ஒருவருக்கு 25 மீட்டர் முன்னால் ஒரு குழந்தை சாலையில் ஓடிவருகிறது. கண்டு பிரேக்கை அழுத்த 1 வினாடி ஆகிறது. பின்னர் வேகம் வினாடிக்கு வினாடி 5 மீட்டர் குறைகிறது என்று கொள்வோம்.

வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 10 மீட்டர் எனில், முதல் வினாடியில் 10 மீட்டர் ஓடும். பிரேக் பிடித்த பின் மூன்றாம் சமன்பாட்டின்படி 100 ÷ 10 = 10 மீட்டர். வண்டி 20 மீட்டரில் நின்றுவிடும்; குழந்தை பிழைத்தது.

வேகம் இருமடங்கு, மணிக்கு 72 கிலோமீட்டர் எனில்? முதல் வினாடியிலேயே 20 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்த பின் நிற்க 400 ÷ 10 = 40 மீட்டர் வேண்டும்; இருப்பதோ 5 மீட்டர். அவ்விடத்தில் இ² = 400 − 50 = 350. எனவே வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 18.7 மீட்டர்; மணிக்கு 67 கிலோமீட்டர். பிரேக் பிடித்தும் ஏறக்குறைய பயனில்லை. வேகம் இரட்டித்தால் முக்கோணத்தின் உயரமும் அகலமும் இரண்டுமே இரட்டிக்கின்றன. பரப்பு நான்கு மடங்காகிறது. இரண்டாம் மூன்றாம் சமன்பாடுகளில் உள்ள அந்தச் சிறிய '2' என்னும் அடுக்கின் பொருள் இதுவே.

மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் என்ன ஆகும்? படம் வரைந்து நீங்களே கண்டறியுங்கள். குழந்தை நிற்கும் இடத்தில் வேகம் மணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் என்று விடை வந்தால் பாடம் புரிந்தது என்று பொருள். அந்த விடையை வண்டி ஓட்டும்போதும் நினைவில் வைத்துக்கொண்டால், தேர்வில் பெறும் மதிப்பெண்ணைவிட அது பெரிது.