புண் ஆறினால் சிபிலிஸ் போய்விடாது

“புண் மருந்தே இல்லாமல் ஆறிவிட்டது. உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது, இனி ஊசி எதற்கு?” பெங்களூரில் சிவாஜிநகர் முதல் கே.ஆர். மார்க்கெட் வரை, சிபிலிஸ் என்றாலே திரும்பத் திரும்பக் காதில் விழும் பேச்சு இது. களிம்பு விற்பவர்களுக்கும் ‘ரகசிய நோய்’ வைத்தியர்களுக்கும் பிழைப்பு ஓடுவதே இதனால்தான். எதுவும் செய்யாவிட்டாலும் மூன்று முதல் ஆறு வாரத்தில் அந்தப் புண் ஆறும்; பெயர் என்னவோ அவர்கள் மருந்துக்குப் போகும். இதில் பாதி உண்மை கலந்திருப்பதால்தான் இந்தப் பொய் இத்தனை நாள் செல்லுபடியாகிறது.

எதிர்ப்புச் சக்திதான் புண்ணை ஆற்றுகிறது. அதை யாரும் மறுக்கவில்லை. பொத்தான்போல் கெட்டியாக, வலியே இல்லாமல் இருக்கும் அந்தப் புண்ணின் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால், ரத்தக் குழாய்களைச் சுற்றி டி செல்களும் மேக்ரோபேஜ்களும் பிளாஸ்மா செல்களும் நெருக்கியடித்து நிற்பது தெரியும். டி செல்கள் இன்டர்ஃபெரான் காமாவைச் சுரந்து மேக்ரோபேஜ்களை உசுப்புகின்றன. ஆன்டிபாடி ஒட்டிய ட்ரெபோனீமா என்ற சிபிலிஸ் கிருமிகளை அவை விழுங்குகின்றன. கிருமி குறைகிறது, தோல் மூடுகிறது. ஆனால் இந்த வெற்றி அந்த இடத்தோடு சரி. புண் கண்ணில் படுவதற்கு முன்பே கிருமி ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் போய்விடுகிறது. அதனால்தான் சில வாரங்கள் கழித்து உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செம்புநிறப் புள்ளிகள் வருகின்றன, பெரும்பாலும் அரிப்பதில்லை. அதை ‘உடம்புச் சூடு’ என்று தள்ளிவிடுகிறார்கள். அதுவும் தானாக மறைகிறது. பொய்க்கு இன்னொரு சாட்சி கிடைத்துவிடுகிறது.

இத்தனை பலமான எதிர்ப்பு, மிச்சக் கிருமியை ஏன் விட்டுவைக்கிறது என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இந்தக் கிருமியின் வெளிச்சவ்வில் புரதங்கள் மிகமிகக் குறைவு. ஆன்டிபாடி பற்றிக்கொள்ள அங்கே அதிகம் இல்லை. டிபிஆர்கே என்ற புரதத்தின் சில பகுதிகளையும் அது மாற்றி மாற்றி அமைத்துக்கொள்கிறது. நேற்றைய உருவத்துக்குத் தயாரான ஆன்டிபாடி இன்றைய உருவத்திடம் பலிக்காது. அப்படித் தப்பியவை ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் தங்கிவிடுகின்றன.

“மருந்தில்லாமலே பலர் நன்றாக இருக்கிறார்களே” என்பது அடுத்த வாதம். ஓஸ்லோவில் 1891 முதல் 1910 வரை பேராசிரியர் போயக் ஏறத்தாழ 2,000 சிபிலிஸ் நோயாளிகளுக்கு அன்றைய மருந்தான பாதரசத்தைக் கொடுக்காமல் இருந்தார். அது உடம்பின் இயல்பான எதிர்ப்பைக் கெடுக்கும் என்று நம்பினார். அவர்களைப் பின்தொடர்ந்து யெஸ்ட்லாண்ட் 1955-இல் முடிவுகளை வெளியிட்டார். ஏறத்தாழ நாலில் ஒருவருக்குத் தோல் புண்களும் தடிப்புகளும் திரும்பி வந்திருந்தன. ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பிற்கால சிபிலிஸ் வந்தது: இதயம், பெருந்தமனி, எலும்பு, மூளை. மிச்சப் பேரில்தான் நாம் இருப்போம் என்று யார் உத்தரவாதம் தருவார்? மூளையைத் தாக்கும் சிபிலிஸ் பழங்கதையும் அல்ல; நம் ஊர் நிம்ஹான்ஸ் மருத்துவர்களே அதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்.

மற்ற தவறான நம்பிக்கைகளுக்கு ஆளுக்கொரு வரி போதும். கழிப்பறை இருக்கையிலிருந்து இது தொற்றாது. ஒருமுறை வந்தால் மறுமுறை வராது என்பது தவறு, தாராளமாக வரும். புண் வந்த புதிதில் விடிஆர்எல் ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் வரலாம், மறுபடி பார்க்க வேண்டும். அசித்ரோமைசின் மாத்திரையை நம்பாதீர்கள். அதற்கு மசியாத கிருமி உலகெங்கும் பரவியிருக்கிறது.

பெனிசிலினை எதிர்த்து நிற்கும் சிபிலிஸ் கிருமி இதுவரை பதிவாகவில்லை. ஆரம்ப நோய்க்கு 24 லட்சம் யூனிட் பென்சதீன் பெனிசிலின் ஊசி ஒரே தடவை போதும். ஆனால் அலர்ஜி பயத்தில் அந்த ஊசியைத் தொடவே தயங்கும் கிளினிக்குகள் இருக்கின்றன. இந்தத் தயக்கம் ஒழிய வேண்டும். கர்ப்பிணிக்குச் சிபிலிஸ் இருந்தால் குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம், நோயோடு பிறக்கலாம். அவருக்குப் பெனிசிலினை விட்டால் நம்பத்தக்க மாற்று இல்லை. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் முதல் மூன்று மாதத்திலேயே சோதனை, நோய் உறுதியானால் கணவருக்கும் சேர்த்துச் சிகிச்சை, ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஊசி கையிருப்பு: இவை மூன்றையும் கேட்டு வாங்குங்கள். புண் வந்தவர்கள், அது ஆறிவிட்டாலும் சரி, அரசு மருத்துவமனையில் பால்வினை நோய்களுக்கான சுரக்ஷா கிளினிக்குக்குத் துணையையும் அழைத்துக்கொண்டு போங்கள்.