மடை திருப்பும் முறை

டார்ம்ஸ்டாட்டுக்கு வடக்கே, ரயிலில் அரைமணிக்கும் குறைவான தூரத்திலுள்ள பிராங்க்பர்ட்டில், உலகின் மிகப் பெரிய இணையச் சந்திப்புகளுள் ஒன்றான டி-சிக்ஸ் 1995 முதல் இயங்கிவரும்போது, டார்ம்ஸ்டாட்டில் ஒருவன் கேச் சர்வர் வைப்பானேன் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே, வலைப் போக்குவரத்தில் பெரும்பகுதி இன்று மறையாக்கத்தோடு 443-ஆம் போர்ட்டில் போவதால், நடுவில் நின்று அதைச் சேமிக்கவும் வழியில்லை. ஆயினும் இங்கே ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் இருபது டெபியன் யந்திரங்கள், கையொப்பமுடையனவாயினும் மறையாக்கமில்லாத ஒரே புதுப்பிப்புகளை, ஒரே காலை வேளையில், 80-ஆம் போர்ட் வழியே தனித்தனியாக இறக்கிக்கொண்டு குறுகலான இணைப்பைத் திணறடித்ததைப் பார்த்தபின், இந்தப் பழைய வித்தைக்கு இன்னும் உபயோகமுண்டு என்ற அபிப்பிராயத்துக்கு வந்தேன்.

வலைப் போக்குவரத்தைக் கேச்சின் பக்கம் திருப்பிவிட, சிஸ்கோ ரவுட்டரும் ஸ்க்விட் என்னும் கேச் மென்பொருளும் பேசிக்கொள்ளும் பாஷைக்கு டபிள்யூசிசிபி என்று பெயர். கேச் பத்து விநாடிக்கொருமுறை ‘இதோ இருக்கிறேன்’ என்று சொல்லும். ரவுட்டர் ‘உன்னைக் காண்கிறேன்’ என்று பதிலளிக்கும். இந்தக் குசலவிசாரணை யூடிபி 2048-ஆம் போர்ட்டில் நடப்பதால், நெருப்புச்சுவர் இருந்தால் முதலில் அதைத் திறந்துவிடுங்கள்.

ரவுட்டரில் டபிள்யூசிசிபியின் இரண்டாம் பதிப்பை இயக்கியபின், எதைத் திருப்புவது என்பதைவிட எதைத் திருப்பாமல் விடுவது என்பதையே முதலில் எழுதவேண்டும். அனுமதிப் பட்டியலின் முதல் வரியிலேயே கேச் சர்வரின் முகவரியை விலக்கிவிட்டு, அதன்பிறகே ஆய்வுக்கூட யந்திரங்களின் 80-ஆம் போர்ட் போக்குவரத்தை அனுமதியுங்கள்; வரிசை மாறினால், கேச் வெளியுலகத்திடம் கேட்கும் கேள்வி கேச்சுக்கே திரும்பிவந்து, பம்பரம்போல் சுழன்றுகொண்டிருக்கும். அந்தப் பட்டியலை ‘வெப்-கேச்’ என்னும் சேவையோடு பிணைத்து, உபயோகிப்போர் பக்கத்து இடைமுகத்தில், உள்ளே வரும் திசையில், திருப்புதலை இயக்குங்கள். அங்கே செய்யவேண்டியது அவ்வளவே.

லினக்ஸ் சர்வரில் ரவுட்டரை நோக்கி ஒரு ஜிஆர்இ சுரங்கம் அமைத்து, அந்த இடைமுகத்தில் ஆர்பி-பில்ட்டர் என்னும் மூலமுகவரிச் சோதனையை நிறுத்தி, அதன் வழியே வரும் 80-ஆம் போர்ட் பாக்கெட்டுகளை, ஸ்க்விட் ‘இன்டர்செப்ட்’ முறையில் காத்திருக்கும் 3129-க்கு மாற்றவேண்டும். சோதனையை நிறுத்த மறந்தால் பாக்கெட்டுகள் சத்தமில்லாமல் மறையும். ஸ்க்விட் இயல்பாக 4 எம்பிக்கு மேற்பட்ட பொருளைச் சேமிப்பதில்லை. கெர்னல் பொதிகளோ அதைவிடப் பெரியவை. ஆகவே அந்த வரம்பை உயர்த்தும் வரியை, வட்டில் சேமிப்பிடம் ஒதுக்கும் வரிக்கு முன்பாகவே எழுதிவிடுங்கள்.

என்னை ஒரு பகல் முழுதும் அலைக்கழித்தது வேறொன்று: பக்கங்கள் குறையின்றித் திறந்தன, ஆனால் பெரிய படிவத்தை அனுப்பினால் பாதியில் நின்றது. சுரங்கத்துக்குள் செல்லும் ஒவ்வொரு பாக்கெட்டும் 28 பைட் தலைச்சுமை பெறுவதால், 1500 பைட் நிறைந்துவரும் பாக்கெட்டுக்கு அவ்வழி போதாது. இறங்கும் தரவு சுரங்கத்தில் போவதில்லை, ஏறும் தரவே போகிறது. ரவுட்டரில் டிசிபி எம்எஸ்எஸ் அளவை 1432 ஆக்கியதும் அடைப்பு நீங்கியது.

இனி இரகசியத்தைப் பற்றி ஒரு வார்த்தை: டார்ம்ஸ்டாட் இருக்கும் ஹெஸ்ஸன் மாநிலம் 1970-லேயே, உலகின் முதல் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. ஜெர்மனியின் அரசியல் சாசனம் 10-ஆம் பிரிவில் தொலைத்தொடர்பின் இரகசியத்தைக் காக்கிறது. இங்கேயோ, யார் எதைப் பார்த்தார் என்று ஸ்க்விட்டின் குறிப்பேடு வரிவரியாக எழுதிவைக்கும். ‘கிளையன்ட்-நெட்மாஸ்க்’ என்னும் வரியால் முகவரியின் கடைசிப் பகுதியை மறைத்துவிட்டு, இப்படியொரு கேச் இருப்பதை உபயோகிப்போரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் இதைக் கடைசியில்தான் செய்தேன், அது தவறு.

பரீட்சைக்கு ஒரே பொதியை இரண்டு யந்திரங்களில் அடுத்தடுத்து இறக்குங்கள்: குறிப்பேட்டில் முதலாவது ‘மிஸ்’ என்றும் இரண்டாவது ‘ஹிட்’ என்றும் விழவேண்டும். எதுவுமே விழவில்லையென்றால், யந்திரங்கள் ஐபிவி6 வழியே சுற்றிப் போகின்றனவா என்று பாருங்கள். மேலே எழுதிய பட்டியல் ஐபிவி4-ஐ மட்டுமே அறியும். பிறகு துணிந்து கேச்சின் கம்பியைப் பிடுங்கிவிட்டுக் கடிகாரத்தைக் கவனியுங்கள். சற்றுநேரம் எல்லாம் தொங்கிநிற்கும். முப்பது விநாடி ‘இதோ இருக்கிறேன்’ என்ற குரல் வராதுபோனால், ரவுட்டர் அதைக் கைவிட்டுப் போக்குவரத்தைப் பழைய வழியிலேயே விட்டுவிடும்.