கூடாரத்தில் எதற்குப் பள்ளிக்கூடம்?



சமூக அறிவியலில் நிலநடுக்கம் பாடம் நடத்தியபோது, நிலநடுக்க மையம், மேல் மையம் எல்லாம் முடிந்த பிறகு டீச்சர் 2015-இல் நேபாளத்தில் நடந்ததைச் சொன்னார்கள். வீடு இடிந்த ஊர்களில் தொண்டு நிறுவனங்கள் அரிசியும் தார்ப்பாயும் கொடுத்ததோடு, பிள்ளைகள் விளையாட என்று தனியாகக் கூடாரமும் போட்டார்களாம். உடனே என் பக்கத்தில் உட்காரும் தோழி எழுந்து, "ஏன் டீச்சர், சோத்துக்கே வழியில்லாத நேரத்துல விளையாடக் கூடாரம் எதுக்கு? அந்தக் காசுக்கு இன்னும் நாலு மூட்டை அரிசி வாங்கலாம்ல?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "இந்தத் தடவை சுவர்ப் பத்திரிகைக்கு நீதானே எழுதணும்? இதுக்குப் பதில் தேடி எழுது" என்றார்கள்.

உண்மையைச் சொன்னால், அவள் கேட்டது சரின்னுதான் எனக்கும் முதலில் பட்டது. தேடிப் படித்த பிறகுதான் மனசு மாறியது. படித்ததை எழுதுகிறேன்.

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை. பகல் 11 மணி 56 நிமிடம். நேபாளத்தில் கோர்க்கா மாவட்டத்துப் பார்பாக் என்ற மலைக்கிராமத்தின் பக்கம் பூமி குலுங்கியது. அளவு 7.8. பதினேழு நாள் கழித்து, மே 12-ஆம் தேதி 7.3 அளவில் இன்னொன்று. இரண்டிலுமாக ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள். சுமார் 5 லட்சம் வீடுகள் தரைமட்டம். அந்த ஊர்களில் வீடு என்றால் பெரும்பாலும் கல்லை மண் சாந்தில் அடுக்கிக் கட்டியது. குலுக்கினால் கல் கல்லாக உதிர்ந்துவிடும்.

பள்ளிக்கூடங்களும் அப்படித்தான் விழுந்தன. ஆயிரக்கணக்கான பள்ளிகள் பாதிக்கப்பட்டு, ஏறத்தாழ 10 லட்சம் பிள்ளைகளுக்கு உட்கார வகுப்பறை இல்லாமல் போனது. ஆனால் வகுப்பறைக்குள் பிள்ளைகள் யாரும் இல்லை. ஏனென்றால் நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமை!

இதைப் படித்ததும் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டேன். அதற்குப் பத்து வருடம் முன்னால், 2005 அக்டோபர் 8-ஆம் தேதி, முசாபராபாத், பாலாகோட் பக்கம் ஒரு பெரிய நிலநடுக்கம் வந்தது. அதுவும் சனிக்கிழமைதான். ஆனால் அங்கே அப்போது சனிக்கிழமை பள்ளி இருந்தது. காலை 8.50 மணி, வகுப்பு தொடங்கிய நேரம். இறந்த 73,000-க்கும் மேற்பட்டவர்களில் 17,000 பேருக்கு மேல் பள்ளியில் இருந்த பிள்ளைகள். ஒரே கிழமை. ஒரு ஊரில் லீவு, ஒரு ஊரில் ஸ்கூல். அவ்வளவுதான் வித்தியாசம். லீவு நாள் பார்த்துத்தான் உயிர் பிழைக்கணும்னா அப்புறம் கட்டடம் எதற்கு?

சரி, தொண்டு நிறுவனத்துக்கு வருகிறேன். நேபாளத்தில் வேலை செய்த பல நிறுவனங்களில் 'சேவ் தி சில்ட்ரன்' என்பதை எடுத்துக்கொண்டேன். 'குழந்தைகளைக் காப்பாற்றுங்கள்' என்று அர்த்தம். இது ஆரம்பித்த கதையே நல்ல கதை. முதல் உலகப்போர் முடிந்தும் ஜெர்மனி, ஆஸ்திரியா நாடுகளுக்கு உணவு போகவிடாமல் கப்பல்களைத் தடுத்து வைத்திருந்தார்கள். அங்கே குழந்தைகள் பட்டினி கிடந்தன. 1919-இல் லண்டனில் எக்லன்டைன் ஜெப் என்ற அம்மையார், எலும்பும் தோலுமான அந்தக் குழந்தைகளின் படம் போட்ட துண்டுப் பிரசுரத்தைத் தெருவில் கொடுத்தார். அரசுத் தணிக்கையில் அனுமதி வாங்காத பிரசுரம் என்று கைது செய்து, கோர்ட்டில் 5 பவுண்டு அபராதம் போட்டார்கள். ஆனால் அவருக்கு எதிராக வாதாடிய அரசு வக்கீலே அந்த 5 பவுண்டைத் தன் கையிலிருந்து எடுத்துக் கொடுத்தாராம்! அதுதான் நிறுவனத்துக்கு வந்த முதல் நன்கொடை என்று சொல்கிறார்கள். ஜெப் 1923-இல் குழந்தைகளின் உரிமைகள் என்று ஐந்து விஷயம் எழுதினார். அதில் ஒன்று, துன்பம் வரும்போது உதவி முதலில் குழந்தைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது. அடுத்த வருடமே அன்றைய சர்வதேச சங்கம் அதை ஏற்றுக்கொண்டது.

முதலில் என்று எழுதிவிட்டார், சரி. எத்தனை நாளைக்கு? எனக்கு இந்தக் கேள்விதான் பெரிசாகத் தெரிந்தது.

இந்த நிறுவனம் நேபாளத்தில் 1976-லிருந்தே வேலை செய்துகொண்டிருந்தது. அதனால் மொழி தெரிந்த ஆட்கள், ஊர்க்காரர்களின் பழக்கம் எல்லாம் ஏற்கனவே இருந்தது. நிலநடுக்கம் வந்ததும் மற்றவர்களைப் போல தார்ப்பாய், போர்வை, உணவு என்றுதான் தொடங்கினார்கள். தோழி நினைத்த மாதிரி அரிசியை நிறுத்திவிட்டுக் கூடாரம் போடவில்லை. இரண்டும் ஒன்றாகத்தான் நடந்தது.

இப்போது அந்தக் கூடாரம். ஒரு வீடு விழுந்துவிட்டால் அம்மா என்ன செய்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நிவாரணம் வாங்க வரிசையில் நிற்க வேண்டும். இடிபாட்டில் பாத்திரம் தேட வேண்டும். தண்ணீருக்கு மலை இறங்க வேண்டும். சின்னப் பிள்ளையை எங்கே விடுவது? சுற்றிலும் எப்போது விழுமோ என்று நிற்கிற சுவர். பின்னதிர்வு வேறு நூற்றுக்கணக்கில் வந்துகொண்டே இருந்தது. கூடாரம் இருந்தால் பிள்ளையை அங்கே விட்டுவிட்டுப் போகலாம். நம்ம ஊரில் பால்வாடியில் விட்டுவிட்டு நடவுக்குப் போகிறார்களே, அந்த மாதிரி.

கூடாரத்தில் படம் வரைவது, பாட்டு, கயிறு தாண்டுவது என்றுதான் இருக்கும். பயிற்சி எடுத்த ஒருவர் கவனித்துக்கொண்டே இருப்பார். எந்தப் பிள்ளை பேசவே மாட்டேங்குது, எது சத்தம் கேட்டால் நடுங்குது, எதுக்குக் காய்ச்சல், எது நேற்று வந்துவிட்டு இன்றைக்கு வரவில்லை என்று அங்கேதான் தெரியும்.

வரவில்லை என்பது சின்ன விஷயம் இல்லை. பேரழிவு நடந்த இடத்துக்கு நல்லவர்கள் மட்டும் வருவதில்லை. பட்டணத்தில் படிக்க வைக்கிறோம், வேலை வாங்கித் தருகிறோம் என்று சொல்லிப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்களும் வருவார்கள். நேபாளத்துப் பெண் பிள்ளைகளை எல்லை தாண்டிக் கடத்துவது நிலநடுக்கத்துக்கு முன்பிருந்தே இருக்கிற கொடுமை. எல்லை தாண்டி என்றால் எங்கே? நம்ம இந்தியாவுக்குத்தான். இதை எழுதவே கஷ்டமாக இருக்கிறது. அதனால்தான் 2015-இல் நேபாள அரசு, 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் பெற்றோரோ பாதுகாவலரோ இல்லாமல் மாவட்டம் விட்டு மாவட்டம் போகக்கூடாது என்று உத்தரவு போட்டது. வெளிநாட்டுக்காரர்கள் தத்தெடுப்பதையும் நிறுத்திவைத்தது. தினமும் பெயர் கூப்பிடுகிற கூடாரம் ஒன்று இருந்தால், ஒரு பிள்ளை காணாமல் போனது அன்றைக்கே தெரிந்துவிடும். நாலு மூட்டை அரிசியால் அதைச் செய்ய முடியாது.

மே 31-ஆம் தேதி பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பள்ளி திறந்தார்கள். மூங்கில் நட்டு, தார்ப்பாயோ தகரமோ போட்டது. 'தற்காலிகக் கற்றல் மையம்' என்று பெயர். சேவ் தி சில்ட்ரன், யூனிசெஃப் எல்லாம் சேர்ந்து ஆயிரக்கணக்கில் போட்டார்கள். முதல் நாட்களில் புத்தகமே எடுக்கவில்லை. பாட்டு, விளையாட்டு, பின்னதிர்வு வந்தால் என்ன செய்வது என்கிற பயிற்சி, இதுதான் பாடம். ஆசிரியர்களுக்கும் முதலில் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களுக்கும் வீடு போயிருக்கிறதே, அவர்கள் வீட்டிலும் ஆள் போயிருக்குமே. இதை நான் யோசிக்கவே இல்லை. டீச்சர் என்றால் எப்போதும் தைரியமாக இருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு. இந்த நிறுவனமும் இன்னும் சில நிறுவனங்களும் யூனிசெஃப்போடு சேர்ந்து, நிலநடுக்கம் நடந்த சில வாரங்களில் 14 மாவட்டங்களில் ஏறத்தாழ 1,800 பிள்ளைகளிடம் நேராகப் போய், உங்களுக்கு என்ன வேண்டும், எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். தார்ப்பாய்க்குள் கூட்டமாக இருக்கிறோம், மறைவு இல்லை, கழிப்பறை இல்லை, இரவில் பயமாக இருக்கிறது என்று பிள்ளைகள் சொன்னார்கள். இதில் பெண் பிள்ளைகள் கவலை அதிகம். பெரியவர்கள் கூட்டம் போட்டுப் பேசினால் சாலை, பாலம், சிமெண்ட் வரும். மறைவு இல்லை என்பதை யார் சொல்வது? எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பெண்தான் சொல்ல முடியும். கழிப்பறை இல்லாத பள்ளிக்கு அந்த வயதுப் பெண்ணை வீட்டில் அனுப்ப மாட்டார்கள். ஒரு வருடம் நின்றுவிட்டால் அப்புறம் கல்யாணப் பேச்சுதான். இது நேபாளத்துக் கதை மட்டும் இல்லை என்று நம் பள்ளித் தோழிகளுக்குத் தெரியும்.

மழைக்காலம் ஜூனில் வந்தது. அப்புறம் மலைக்குளிர். செப்டம்பரிலிருந்து சில மாதம் இந்திய எல்லையில் லாரிகள் நின்றுபோய் டீசல், கேஸ் தட்டுப்பாடு. மறுகட்டுமானத்துக்கென்று அரசு அமைத்த ஆணையம் 2015 டிசம்பரில்தான் வேலை தொடங்கி, 2021 டிசம்பர் வரை நடந்தது. ஆறு வருடம்! நிலநடுக்கத்தின்போது மூன்றாவது படித்த பிள்ளை ஒன்பதாவதுக்கு வந்திருக்கும். டிவிக்காரர்கள் ஒரு மாதத்தில் போய்விட்டார்கள். நன்கொடையும் டிவியில் காட்டுகிற வரைக்கும்தான் நிறைய வரும். அதனால் இருக்கிற பணத்தை ஒரே மாதத்தில் செலவழிக்காமல் வருடக்கணக்கில் பிரித்து வைத்துச் செலவு செய்கிற நிறுவனம்தான் நல்ல நிறுவனம் என்பது என் கருத்து. ஏன் இன்னும் கொடுக்காமல் வைத்திருக்கிறார்கள் என்று சிலர் திட்டுவார்கள். நானாக இருந்தாலும் முதலில் திட்டியிருப்பேன்.

திரும்பக் கட்டும்போது பழைய மாதிரியே கட்டினால் பிரயோசனம் இல்லை. நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடம் என்றால் ஏதோ பெரிய மெஷின் என்று நினைத்தேன். அப்படி இல்லை. விறகை அடுக்கித் தலையில் வைத்தால் சரிந்துவிடும். மேலே ஒரு கட்டு, கீழே ஒரு கட்டு போட்டால் மொத்தமாக அசையும், சரியாது. அதேதான். அஸ்திவார மட்டத்திலும், ஜன்னலுக்குக் கீழேயும், லிண்டல் மட்டத்திலும், கூரைக்குக் கீழேயும் கட்டடம் முழுக்கச் சுற்றி வருகிற மாதிரி கம்பி போட்ட கான்கிரீட் பட்டை. மூலைகளில் கீழிருந்து மேல் வரை நிற்கும் கம்பி. கல் சுவர் என்றால் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்க இடையிடையே சுவரின் அகலம் முழுக்கப் போகும் நீளக்கல். கொத்தனாருக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும்.

இது வெறும் பேச்சு இல்லை. காத்மாண்டு பள்ளத்தாக்கில் 2015-க்கு முன்பே நூற்றுக்கும் மேற்பட்ட பழைய பள்ளிக் கட்டடங்களை இப்படிப் பலப்படுத்தி வைத்திருந்தார்கள். நேபாளத்து நிலநடுக்கத் தொழில்நுட்பச் சங்கம் என்ற தொண்டு அமைப்பு 1990-களிலேயே இந்த வேலையை ஆரம்பித்தது. 2015-இல் அந்தக் கட்டடங்கள் இடிந்து விழவில்லை. பக்கத்து ஜனங்கள் தங்கிக்கொள்ளவும் அவை உதவின. பள்ளிக்கூடத்தைப் பலமாகக் கட்டும்போது ஊர்க் கொத்தனாரும் கற்றுக்கொள்வார், அடுத்த வீட்டையும் அப்படியே கட்டுவார். அரிசி தீர்ந்துவிடும், இது ஊரிலேயே இருக்கும்.

இதுவரை எழுதியதை என் தோழியிடம் காட்டினேன். "சரி, ஒத்துக்கிறேன்" என்றாள். ஆனால் நான் படித்ததில் இன்னொன்றும் இருந்தது. அதையும் அவளிடம் சொன்னேன். 2023 நவம்பர் 3-ஆம் தேதி நேபாளத்தின் மேற்கே ஜாஜர்கோட் மாவட்டத்தில் நிலநடுக்கம். 2015-இல் வந்ததை விட ரொம்பச் சின்னது. ஆனால் நள்ளிரவு நெருங்கும் நேரம், எல்லாரும் தூக்கத்தில். 150 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் பாதிப்பேர் குழந்தைகள். விழுந்தது அதே கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய வீடுகள். 2015-க்குப் பிறகு வீடு கட்ட அரசு கொடுத்த 3 லட்சம் நேபாள ரூபாய், அன்றைக்கு அடிபட்ட மாவட்டங்களுக்குத்தான். ஜாஜர்கோட் அந்தப் பட்டியலில் இல்லை. அங்கேயும் குளிர்காலத்தில் மறுபடி மூங்கில், தார்ப்பாய், கூடாரப் பள்ளி.

தோழி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "பள்ளிக்கூடத்தக் கெட்டியாக் கட்டிட்டாங்க, சரி. ராத்திரி பிள்ளைங்க வீட்லதான தூங்கும்?" என்று கேட்டாள்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. டீச்சரிடமும் கேட்டோம். "ரெண்டு பேரும் சேர்ந்து தேடுங்க" என்றார்கள். கிடைத்தால் அடுத்த இதழில் அவளும் நானும் சேர்ந்து எழுதுகிறோம்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி