எந்த மின்னல் கணக்கு எதற்கு உதவும்?

சென்னைப் புறநகரில் எங்கள் அடுக்குமாடியில் ஒரு ஆகஸ்ட் இரவு லிப்ட் போர்டும் ஒன்பது வீட்டு மோடங்களும் ஒரே நொடியில் கருகிப்போயின. கட்டிடத்தின் மேல் இடி விழவில்லை; எங்கோ தள்ளி விழுந்தது. மறுநாள் சங்கக் கூட்டத்தில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: நம்ம ஏரியாவுக்கு ஆபத்து எவ்வளவு?

இதற்கு விடை தேடினால் மூன்று வகைக் கணக்குகள் கிடைக்கும். பழையது, இடிநாள். வானிலை நிலையத்தில் ஒருமுறை உறுமல் கேட்டாலும் ஒரு நாள்தான், விடிய விடிய இடித்தாலும் ஒரு நாள்தான். ஆண்டு முழுவதற்குமான ஒரு குத்துமதிப்புக்கு மேல் அதில் எதிர்பார்க்க முடியாது.

அடுத்தது செயற்கைக்கோள் வரைபடம். ட்ரிம் செயற்கைக்கோளின் மின்னல் கருவி 1997 முதல் 2015 வரை வெப்பமண்டலத்தை மேலிருந்து பார்த்தது. வரைபடம் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் மேகத்துக்குள்ளேயே முடிந்துபோகும் மின்னலையும் அது சேர்த்தே எண்ணுகிறது, பெரும்பாலானவை அப்படிப்பட்டவைதான். நுணுக்கமான பதிப்பில்கூட ஒரு கட்டம் சுமார் 11 கிலோமீட்டர். வேளச்சேரியையும் கிண்டியையும் அதில் பிரித்துப் பார்க்க முடியாது.

தரை உணரிகள் தரும் பதிவுதான் என் தேர்வு. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் இப்படி ஒரு வலையமைப்பை நடத்துகிறது. தாமினி செயலியின் எச்சரிக்கை அதிலிருந்துதான் வருகிறது. ஒரு சதுர கிலோமீட்டரில் ஆண்டுக்கு எத்தனை மின்னல் தரையைத் தொடுகிறது என்ற எண்ணை இத்தகைய பதிவிலிருந்து எடுக்கலாம். நமக்கு வேண்டியது அந்த ஒரு எண்தான். அது கிடைக்காதபோது மட்டும் இடிநாளில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அது மிதவெப்ப நாடுகளுக்கென வகுத்த தோராயம்.

சாவு எண்ணிக்கையை வைத்து வரைபடம் போடுவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். வெட்டவெளியில் வேலை செய்தவர்கள் எங்கே இருந்தார்கள் என்பதைத்தான் அது காட்டும்.

ஒரு சதுர கிலோமீட்டரில் ஆண்டுக்குத் தரையைத் தொடும் மின்னலின் எண் 4 என்று வைத்துக்கொள்வோம். 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 12 மீட்டர் உயரமுள்ள கட்டிடம், சுற்றிலும் அதே உயரத்தில் வீடுகள். மின்னல் பாதுகாப்புக்கான ஐ.இ.சி. 62305 தரநிலையின் சூத்திரப்படி 78 ஆண்டுகளுக்கு ஒருமுறை இடி விழலாம். அதே மனையில் 30 மீட்டர் உயரக் கட்டிடம் தனித்து நின்றால் எட்டு ஆண்டுக்கு ஒருமுறை! ஊருக்கான எண் மாறவே இல்லை. தெருவுக்குத் தெரு ஆபத்து மாறுவது உயரத்தாலும் அக்கம்பக்கத்தாலும்தான். ஆகவே நகர வரைபடம் கையில் இருந்தாலும் மொட்டை மாடிக்கு ஏறிச் சுற்றிப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

எங்களைச் சுட்டது கம்பிவழி வந்த மின்னெழுச்சி. மின்சார, கேபிள் கம்பிகளின் இருபுறமும் 2 கிலோமீட்டர் வரை விழும் மின்னலை அந்தத் தரநிலை கணக்கில் சேர்க்கிறது. நெருக்கமான நகரம் என்றால் அந்த எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும். அதனால் தாழ்ந்த கட்டிடங்களுக்கு என் யோசனை: முதல் பணத்தை மெயின் போர்டில் சர்ஜ் தடுப்பானுக்கும், உள்ளே வரும் எல்லாக் கம்பிகளுக்கும் பொதுவான எர்த்துக்கும் செலவிடுங்கள். உயரமான, தனித்து நிற்கும் கட்டிடத்துக்கு இடிதாங்கியும் சேர்த்தே வேண்டும். ஒற்றைக் கம்பம் நூறு மீட்டர் சுற்றுவட்டாரத்தைக் காக்கும் என்று விற்க வருவார்கள். 62305 அந்தக் கூடுதல் எல்லையை ஏற்பதில்லை. கூரை விளிம்பில் பட்டை ஓட்டி, பல இடங்களில் கீழே இறக்குவதே பாதுகாப்பு.

இருக்கிற இடிதாங்கியையும் பாருங்கள். எங்கள் மாடியிலிருந்து இறங்கும் பட்டையை, டிஷ் ஆண்டெனா மாட்ட வந்த யாரோ நடுவில் வெட்டி, முனையைச் சுவரோரம் மடக்கிவிட்டிருந்தார்கள். கீழே எர்த் குழியின் மேல் பார்க்கிங் டைல்ஸ் போட்டு மூடியிருந்தது. அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே எங்களுக்கு ஒரு முழு நாள் ஆனது.